வீடு மாறுமுன் கணக்குப் பார்ப்போம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறும் குடும்பத்திற்கு இவ்வாக்கு மிகவும் பொருந்தும்.

ரப்பர்த் தோட்டங்கள் கைமாறுவது நம் நாட்டில் புதிய செய்தியன்று. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்த நெருக்கடியின் விளைவாகவே வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளிலும் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. ஆகவே, வெளியேறும் நாள் வருமுன்னரே கணக்குப் போட்டு வைப்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் நலம்.

கைக்கு வரும் பணம்

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு காலம் கூறப்படாவிடில், ஐந்தாண்டோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு எட்டு வார முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆட்குறைப்புச் செய்யப்படுவோருக்கான இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. இருபதாண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம் சேரும். ஓய்வு பெறுவோருக்கும் தாமாக விலகுவோருக்கும் இது கிடைக்காது. புதிய உரிமையாளர் குறைவில்லாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, அதனைத் தக்க காரணமின்றி மறுத்தாலும் கிடைக்காது. ஐயம் இருப்பின் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்டுத் தெளிவு பெறுக.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழப்பீட்டை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும் என்பது விதி. வீட்டு முன்பணத்தையோ குடிபோகுமுன் கட்டியாக வேண்டும். இழப்பீடு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று வட்டி முதலையிடம் கைநீட்டுவோர் இந்த இடைவெளியில்தான் சிக்கிக்கொள்கின்றனர். எட்டு வார முன்னறிவிப்புக்குள் இரண்டு சம்பள நாள்கள் வரும். அவற்றிலிருந்து இயன்றதை ஒதுக்குக.

ஒரே முறை வரும் செலவு

மாதம் 700 ரிங்கிட் வாடகை வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், மின்சார வைப்பாகவும், முதல் மாத வாடகையை முன்கூட்டியும் கேட்பது வழக்கம்.

வீட்டு வைப்புத் தொகை: 1,400 ரிங்கிட்
தண்ணீர், மின்சார வைப்பு: 350 ரிங்கிட்
முதல் மாத வாடகை: 700 ரிங்கிட்
ஒப்பந்தப் பத்திரம், முத்திரை வரி: 150 ரிங்கிட்
லாரி வாடகை, ஆள்கூலி: 500 ரிங்கிட்
பூட்டு, விளக்கு, சிறு பழுது: 300 ரிங்கிட்
பிள்ளைகளின் பள்ளி மாற்றச் செலவு: 200 ரிங்கிட்
பால் காய்ச்சுதல், முதல் நாள் உணவு: 100 ரிங்கிட்
மொத்தம்: 3,700 ரிங்கிட்

எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்காக 370 ரிங்கிட் சேர்த்தால் 4,070 ஆகும். இத்தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைக் கேட்டு எழுதிக் கொள்க. இவற்றுள் வைப்பாகச் செலுத்தும் 1,750 ரிங்கிட் திரும்பப் பெற வேண்டிய பணம். ஆயினும் வீட்டைக் காலி செய்யும் வரை அது கைக்கு உதவாது. அதனை நம்பித் தவணைக்குப் பொருள் வாங்கலாகாது.

லயத்தில் கணக்கில் வராதவை

லாரிச் செலவை எல்லாரும் நினைத்துப் பார்க்கிறோம். மாதந்தோறும் வரப்போகும் செலவைத்தான் மறந்து விடுகிறோம். லயத்தில் வாடகை இல்லை. வீட்டுப் பின்புறத்தில் முருங்கையும் கீரையும் மிளகாயும் விளைந்தன. கோழியும் ஆடும் வளர்ந்தன. பிள்ளைகள் தோட்டப் பள்ளிக்கு நடந்தே சென்றனர். வேலைக்காடும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகை பார்த்துக்கொண்டது. அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு படி கேட்டு வாங்கலாம். இவை யாவும் சம்பளச் சீட்டில் எழுதப்படாத சம்பளமே. பட்டணத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

வாடகை: 700 ரிங்கிட்
தண்ணீர், மின்சாரம்: 130 ரிங்கிட்
இரு பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து: 160 ரிங்கிட்
மோட்டார் சைக்கிள் பெட்ரோல்: 150 ரிங்கிட்
முன்பு விளைந்து, இப்போது வாங்கும் காய்கறி: 100 ரிங்கிட்
மொத்தம்: 1,240 ரிங்கிட்

சம்பளத்தோடு ஒப்பிடுவோம்

2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 187 ரிங்கிட் போனால் எஞ்சுவது 1,513. சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களை இங்கே சேர்க்கவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் 3,026 ரிங்கிட் வரும். மேற்கண்ட 1,240 போக 1,786 ரிங்கிட் குடும்பத்திற்கு மிஞ்சும். ஒருவர் மட்டும் வேலை செய்தால் மிஞ்சுவது 273 ரிங்கிட்டே. அரிசி பருப்புக்கே அது போதாது.

ஆகவே, இருவருக்கும் வேலை உறுதியாகாத வரை 700 ரிங்கிட் வீட்டிற்கு ஒப்பந்தம் செய்யாதீர். 500 ரிங்கிட் வீடு கிடைத்தால் மாதம் 200 ரிங்கிட் மிச்சம். குடிபுகும்போது கட்டும் பணத்திலும் 700 ரிங்கிட் குறையும். ஆனால், வேலையிடத்திற்குத் தொலைவான வீடாயின் அந்த மிச்சத்தைப் பெட்ரோல் விழுங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்க. புதிய இடத்தில் முதற் சம்பளம் வரும்வரை உண்ண, ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவைத் தனியே வைத்திருப்பதும் இன்றியமையாதது.

மறவாமல் செய்ய வேண்டியவை

கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது பெறுக. ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி செலுத்துக. முத்திரையில்லாப் பத்திரம் வழக்கு என்று வந்தால் துணை நிற்காது. குடிபுகும் நாளிலேயே வீட்டிலுள்ள பழுதுகளைப் படம் எடுத்து வைத்தால், வைப்புத் தொகையைத் திரும்பப் பெறும்போது தகராறு எழாது. முகவரி மாற்றத்தைத் தேசியப் பதிவிலாகாவில் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சேமநிதியின் வீடமைப்புத் தொகை வீடு வாங்கவும் கட்டவும் உரியது. வாடகை முன்பணத்திற்கு அதனை எதிர்பார்க்கலாகாது.

புது வீட்டிற்குப் புது நாற்காலி வேண்டும் என்ற ஆசை இயல்பே. ஆறு மாதம் பொறுத்து வாங்கினால் அந்த நாற்காலியில் நிம்மதியாக அமரலாம்.

பயிற்சி

1. உங்கள் குடும்பம் லயத்தில் விலையின்றிப் பெறும் பொருள்களையும் வசதிகளையும் வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றுக்கும் பட்டண விலையைக் கேட்டுக் குறிக்க.
2. வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் எவ்வளவு வாடகை தாங்கும் எனக் கணக்கிடுக.
3. இக்கணக்கை இல்லத்தரசியும் வளர்ந்த பிள்ளைகளும் உடனிருக்கப் போடுக. செலவு செய்யும் கைகள் அனைத்தும் அறிந்த கணக்கே நிலைக்கும்.