திருப்பாவை ஸேவிக்கும் குரல்

மார்கழி விடியற்காலையில் குரல் கனத்திருக்கும். தனியன்களையே உரக்கத் தொடங்குவோர் 30 பாசுரங்களில் பாதிக்குள் இளைத்துவிடுகின்றனர்; சாற்றுமுறைப் பாசுரங்களான 29, 30 வரும்போது ஒலி எழும்புவதில்லை. ஆகவே தனியன்களைத் தாழ்ந்த ச்ருதியில் நிதானமாக அநுஸந்தித்துக் குரலைப் பதப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, மூச்சு. சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் சிதையும். பாசுரத்தின் 8 அடிகளில் ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் அடங்குவதே. எனவே அடியின் முடிவில் வாங்குக. கோஷ்டியில் அருகிலிருப்பவர் குரல் நம் செவியில் விழவேண்டும். விழாவிடில் நாம் உரக்கச் சொல்கிறோம் என்றே கொள்க. கோஷ்டி கச்சேரியன்றே!

ல, ள, ழ மூன்றும் குழம்புவோர், ஸந்தையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, இருமுறை திருப்பிச் சொல்லிப் பழகுக. பொருளறிந்த பின்னர் இவ்வெழுத்துகள் தாமே திருந்துவதும் உண்டு.