மலைமேல் பெய்யும் மழை

“முப்பது வருஷமா கும்பிடுறேன். எதிரே யாராவது இருக்காங்களான்னே தெரியல.” தென்காசிப் பக்கம் வழிபாடு, தியானம் பற்றிப் பேச்சு எடுத்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் நாத்திகர்கள் இல்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவர்கள். கேட்டதே பாவமோ என்று உடனே முகம் வாடிப்போகிறவர்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்தச் சந்தேகத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்பதைத்தான். வழக்கத்துக்காகக் கும்பிட்டது போய், மெய்யாகவே தேடத் தொடங்கும்போதுதான் இந்தக் கேள்வி எழும்.

நம்பிக்கை வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பதில்தான் பலர் தேங்கிப்போகிறார்கள். செய்யச் செய்யத்தான் நம்பிக்கை ஊறும். இதற்குச் சாட்சி தென்காசி காசி விசுவநாதர் கோயிலிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது.

மதுரையை இழந்து தெற்கே வந்த பாண்டியர் மரபில் வந்தவர் பராக்கிரம பாண்டியர். காசிக்குப் போகிற அடியவர்கள் வழியிலேயே உயிரை விடுகிறார்கள், அவர்களுக்காக இங்கேயே கோயில் எழுப்பு என்று கனவில் உத்தரவானதாகவும், எறும்புச் சாரை ஒன்று இடத்தைக் காட்டியதாகவும் தலபுராணம் சொல்கிறது. 1446-ல் திருப்பணியைத் தொடங்கினார். ராஜகோபுர வேலையையும் ஆரம்பித்தார். 1463-ல் அவர் காலம் முடிந்தது. கோபுரத்தை நிறைவு செய்தவர் அவருக்குப் பின் வந்த குலசேகர பாண்டியர்.

பராக்கிரம பாண்டியர் பாட்டாகவே பாடிக் கல்வெட்டில் வைத்த விண்ணப்பம் ஒன்று உண்டு. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்ய வருகிறவர் எவரோ, அவர் அடியில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் சாரம். நாடாளும் அரசர், இன்னும் பிறக்காத யாரோ ஒருவர் காலில் விழுகிறார். அவருடைய பெயர் தெரியாது, குலம் தெரியாது, வருவாரா என்பதுகூடத் தெரியாது. அரசர் பயந்தது போலவே கோபுரம் பின்னாளில் சிதைந்தது. தலைமுறை தலைமுறையாக ஊர் அதை மொட்டைக் கோபுரமாகவே பார்த்தது. 1990-ல் ஒன்பது நிலைகளோடு, ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு மறுபடி எழும்பிக் குடமுழுக்குக் கண்டது. வணங்கிய அரசருக்கும் வந்து கட்டியவர்களுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுக்கு மேல்! காணாததை நம்புவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இந்தக் கல்வெட்டுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

அரசர் செய்ததை நீங்களும் சிறிய அளவில் செய்யலாம். பலனை நீங்கள் பார்க்க முடியாத வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றலாம். அது வளர்ந்து பதநீர் தரப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். முகம் தெரியாத பிள்ளை ஒன்றின் பள்ளிக் கட்டணத்தைத் தலைமையாசிரியர் மூலமாகக் கட்டலாம். பழைய கோயில் மதிலில் வேர்விட்ட அரசங்கன்றை அகற்றுகிற உழவாரப் பணிக்குப் போகலாம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது, என்ன ஆயிற்று என்று போய் விசாரிக்கவும் கூடாது. விசாரிக்கத் துடிக்கிற மனசைத் தினமும் கொஞ்சம் அடக்கிப் பாருங்கள். பயிற்சியே அதுதான்.

அடுத்தது, தினசரி உட்காருவது. விடியற்காலையில், வீடு எழும்புவதற்கு முன்னால், பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எதையும் கேட்காதீர்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள். மகள் கல்யாணம், மகன் வேலை, முட்டிவலி எல்லாவற்றுக்கும் வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மனசு சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஓடத்தான் செய்யும், ஓடட்டும். ஓடியது தெரிந்தவுடன் மூச்சுக்குத் திரும்புங்கள். முதல் வாரங்களில் சலிப்புத்தான் மிஞ்சும். வெளிச்சம், மணியோசை, புல்லரிப்பு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உருவம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நம் மரபில் இடம் இருக்கிறது. நடராசருடைய ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் அவர் சுவரில் ஓவியமாக இருக்கிறார். சிதம்பரத்துப் பொற்சபையிலோ திரையை விலக்கினால் வெறும் வெளியும் தங்க வில்வ மாலையும்தான். கடையம் பக்கம் பொட்டல்புதூர் தர்காவுக்கு முகைதீன் ஆண்டவர் பெயர். அவர் அடங்கியிருப்பது பாக்தாதில். இங்கே அவருக்குச் சமாதி கிடையாது. ஆனாலும் இசுலாமியரும் இந்துக்களுமாக நேர்ந்துகொண்டு வருகிறார்கள். உங்களுக்கு எது மனசை அடக்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

வேண்டுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொட்டை போடுவதும் பால்குடம் எடுப்பதும் அன்பால் வந்தால் அழகு. இது நடந்தால்தான் அது என்று பேரமானால், நடக்காதபோது சாமி மேல் கோபமும் தன்மேல் வெறுப்புமே மிஞ்சும். இறந்தவர்களுக்காகச் செய்வதில் இந்தப் பேரத்துக்கு இடமே இல்லை என்பதால்தான் ஆடி அமாவாசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்று குற்றாலப் பேரருவிக் கரையில் தர்ப்பணம் கொடுக்க அவ்வளவு கூட்டம் வரும். கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் இறங்கி ஓடுகிற தண்ணீரோடு போய்விடும். போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ரசீது கிடையாது. அப்பாவை இழந்த பிள்ளைகள் “இது அவருக்குப் போகுமா?” என்று கேட்கும்போது நான் வாதம் செய்வதில்லை. அப்பா பெயரை, தாத்தா பெயரை, பூட்டன் பெயரை அவசரப்படாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பேன். சாஸ்திரிகள் வேகமாக ஓட்டினால், “கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க சாமி” என்று கேளுங்கள், தப்பில்லை. மூன்றாவது பெயர் தெரியாமல் விழிப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அந்தப் பூட்டனை நீங்கள் பார்த்ததில்லை. அவர் இல்லாமல் நீங்கள் இல்லை என்பதில் உங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லையே.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காணாததை நம்புவதும் கவனமாக இருப்பதும் சேர்ந்தே போகும் என்பது குற்றாலத்துக்காரர்களுக்குத் தெரியும். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். பேரருவி பாதியில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து பொங்கி வருவதால், மேலே நடப்பது கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. பார்க்காத மழையை நம்புகிறவர், தண்ணீர் கலங்கியதும், காவலர் விசில் ஊதியதும் கரையேறுவார்.

ஆன்மிகத்திலும் கலங்கலைக் கவனிக்க வேண்டும். உங்கள் பயத்தைக் கிளப்பிவிட்டுப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர், தன்னைத் தவிர வேறு யாரிடமும் போகாதே என்பவர், குடும்பத்துக்குத் தெரியாமல் வரச் சொல்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் என்று யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அன்றே விலகுங்கள். காணாததைக் காட்டுகிறேன் என்று கடை விரிப்பவரிடம் அதிகக் கவனம் தேவை.

இன்னொன்றும் உண்டு. நாட்கணக்கில் தூக்கமில்லாமல், காதில் குரல் கேட்டு, சாமி தன்னை மட்டும் அழைக்கிறது என்றோ யாரோ தன்னைத் துரத்துகிறார் என்றோ ஒருவர் சொன்னால், அதை அருள் என்று வீட்டில் பூட்டிவைக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவம் பார்த்ததால் எந்தச் சாமியும் கோபிக்காது.

மூன்று மாதம் இப்படிச் செய்தபின், வளர்ச்சி இருக்கிறதா என்று கண்ணை மூடித் தேட வேண்டாம், வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சாப்பாடு தாமதமானால் முன்போலச் சத்தம் போடுகிறேனா, அடுத்த வீட்டார் வண்டி வாங்கினால் வயிறு எரிகிறேனா, போன் பண்ணாத மகனைப் பற்றிப் பத்துப் பேரிடம் புலம்புகிறேனா என்று கேளுங்கள். “கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்று மருமகள் சொன்னால், அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம். “ஒண்ணும் குறையலையே அத்தே” என்றால் மறுநாள் விடியற்காலையும் அதே நேரத்துக்கு உட்காருங்கள், ஐந்து நிமிடம் கூட்டி.