டாஸ் இயக்க முறைகள்: ஓர் ஒப்பீடு

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பயிர் வளர்ச்சியைக் கணிப்பதற்கு வானிலை, மண், பயிர் ஆகியவை பற்றிக் குறைந்தபட்சம் எவ்விவரங்கள் வேண்டும் என்பதை ஆராய, 1983 மார்ச்சில் அங்கு ஒரு சர்வதேசக் கருத்தரங்கு கூடியது. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1989-இல் வெளிவந்த டி.எஸ்.எஸ்.ஏ.டி. என்னும் நிரல்தொகுதி, மக்காச்சோளம், கோதுமை, சோயா மொச்சை, நிலக்கடலை ஆகியவற்றின் விளைச்சலை மதிப்பிட உதவிற்று. அதன் தொடக்கப் பதிப்புகள் டாஸ் இயக்க முறையில் ஓடுபவை.

அக்காலத்துக் களப் பதிவுகள் பழைய தட்டுகளில் இன்றும் இருக்கக்கூடும். ஒரு பருவத்தில் பெய்த மழையை மீண்டும் பெய்விக்க இயலாது. ஆகவே அப்பதிவுகளை இழத்தல் ஈடுசெய்ய முடியாத நஷ்டமாகும். அவற்றை எந்த டாஸைக் கொண்டு திறக்கலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

டாஸ் என்பது யாது?

தட்டச்சிடும் கட்டளையை ஏற்று, கோப்புகளை எடுத்தளித்து, நிரலுக்கு நினைவகத்தில் இடம் வகுப்பதே டாஸின் தொழில். நிரல்கள் தமக்கு வேண்டியவற்றை எண்ணிடப்பட்ட அழைப்புகளின் வாயிலாக அதனிடம் கேட்கின்றன. அவ்வழைப்புகளுக்கு ஒரே விதமாக விடையளிக்கும் அமைப்புகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்கலாம். மாற்று டாஸ்கள் தோன்ற இதுவே காரணம்.

நால்வகை டாஸ்

எம்.எஸ்.-டாஸ், பி.சி. டாஸ் ஆகிய இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிற்று. அது 1981-இல் ஐ.பி.எம். கணிப்பொறியுடன் வெளிவந்தது. தனித்து விற்கப்பட்ட எம்.எஸ்.-டாஸில் இறுதியானது 1994-இல் வந்த 6.22 ஆகும்.

மூன்றாவது, டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட டி.ஆர். டாஸ். டாஸ் நிரல்களுக்குரிய நினைவகம் 640 கிலோபைட்டே. அதில் ஒரு பகுதியை இயக்க முறையே பிடித்துக்கொள்ளும். 1990-இல் வந்த டி.ஆர். டாஸ் 5.0, தன் பெரும்பகுதியை அவ்வெல்லைக்கு மேலே ஏற்றி இடத்தை மீட்டுத் தந்தது. மறு ஆண்டில் எம்.எஸ்.-டாஸ் 5.0-உம் அவ்வசதியைப் பெற்றது.

நான்காவது ஃப்ரீடாஸ். ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய இம்முயற்சியின் 1.0 பதிப்பு 2006-இல் வந்தது. இதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. எம்.எஸ்.-டாஸ் 6.22 அறியாத ஃபேட்-32 வட்டுகளையும் இது படிக்கும். எனினும் விண்டோஸ் 3.1-ஐ ஓட்டுவதில் இதற்கு இடர்ப்பாடுகள் இருந்து வந்துள்ளன. ஆகவே எந்நிரலையும் சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும்.

செய்முறை

1. முதலில் தட்டை எழுத்துத் தடை செய்க. ஐந்தேகால் அங்குலத் தட்டாயின் ஓரத்து வெட்டினை ஒட்டுத்தாளால் மூடுக. மூன்றரை அங்குலத் தட்டாயின் மூலையிலுள்ள சிறு சாளரத்தைத் திறந்து வைக்க.

2. பிரதி எடுத்து, பிரதியிலேயே சோதனை செய்க. மூலத்தை உறையிலிட்டுப் பாதுகாக்க.

3. ‘மெம்’ கட்டளையால் இரண்டு டாஸ்களிலும் எஞ்சும் நினைவகத்தைக் குறித்துக்கொள்க.

4. ஒரே விவரங்களைக் கொடுத்து நிரலை இரண்டிலும் ஓட்டி, வெளியீட்டுக் கோப்புகளை ‘எஃப்.சி.’ கட்டளையால் ஒப்பிடுக. ஓட்டிய தேதி மட்டும் வேறுபடின் அது பிழையன்று. விளைச்சல் எண் வேறுபடின் காரணத்தைத் தேடுக.

பயாஸ் வசதியற்ற புதிய கணிப்பொறிகளில் டாஸ் நேரே இயங்காது. அங்கே டாஸ்பாக்ஸ் போன்ற போலிப்பொறி நிரலுக்குள் இச்சோதனையைச் செய்யலாம்.

முடிவு

பெயரையும் புகழையும் கொண்டு இயக்க முறையைத் தேர்தல் தகாது. பழைய நிரல் பழைய விடையையே தருகின்றதா என்பதே உரைகல். அதில் தேறுவனவற்றுள், மூலநிரல் திறந்திருப்பதைத் தேர்வதே நன்று. ஆக்கியோர் கைவிட்ட பின்னும் அதைப் பிறர் பழுதுபார்க்க இயலும். ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பில் செய்து காட்டுவாராயின், ஒப்பீடு என்பது அளந்தறிதலே என்பதை மாணவர் உணர்வர்.