மின்னலுக்கு அரை நொடி, புள்ளிக்கு முப்பது நொடி

புதுச்சேரிக் கதிர்காமத்து மொட்டை மாடியிலிருந்து மின்னலைப் படமெடுக்கும் தங்கைக்கு,

படத்தைத் திரையில் பெரிதாக்கும்போதுதான் அவை கண்ணில் படும். மின்னல் கிளை பிரிந்து நிற்கும். அதைச் சுற்றியுள்ள கறுத்த மேகத்தில், யாரோ வண்ணக் கோலப்பொடியைச் சிந்தியதுபோல, சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சின்னஞ்சிறு புள்ளிகள். இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மழைத்துளி என்பார்கள், லென்ஸில் தூசி என்பார்கள், விமானம் என்பார்கள், மின்னலிலிருந்து தெறித்த பொறி என்றுகூடச் சொல்வார்கள். பெரும்பாலான புள்ளிகளுக்கும் வானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது என் கட்சி. அவை உன் கேமராவின் உடம்புச் சூடு. என் வார்த்தைக்காக இதை நம்ப வேண்டாம். உன் கையில் இருக்கும் படங்களை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

மின்னலின் கால அளவிலிருந்து தொடங்குகிறேன். மேகத்திலிருந்து தரைக்குப் பாயும் ஒரு மின்னலில் பெரும்பாலும் மூன்று, நான்கு வீச்சுகள் இருக்கும். ஒவ்வொரு வீச்சும் கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தோடு நிற்பது நொடியில் மிகமிகச் சிறிய பங்கு. எல்லாம் சேர்ந்தாலும் பொதுவாக அரை நொடிக்குள் முடிந்துபோகும். நீயோ ஷட்டரை 30 நொடி திறந்து வைக்கிறாய். அப்படியானால் படத்தில் மின்னல் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும்தான், ஷட்டர் நேரம் வெறும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் சென்சார் சும்மா இருப்பதில்லை. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் விடுபட்டுக்கொண்டே இருக்கும். ஒளியால் வந்தது எது, வெப்பத்தால் வந்தது எது என்று கேமராவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோடிக்கணக்கான பிக்சல்களில் சில, படிகத்தில் உள்ள சிறு பழுதினால், மற்றவற்றைவிடப் பல மடங்கு கசியும். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படத்தில் அந்தச் சொட்டு தெரியாது. 30 நொடியில் குடம் நிரம்பிவிடும். ஹாட் பிக்சல் என்று சொல்வது இதைத்தான். வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி ஏறினால் இந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 5 டிகிரிக் குளிரில் நின்று படமெடுப்பவர் எழுதிய செய்முறையை 25 டிகிரிப் புதுச்சேரி இரவில் அப்படியே பின்பற்றினால், கசிவு ஐந்தாறு மடங்காவது கூடும். சவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்றவற்றில், படம் பிடிக்கும் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும் வழக்கம் வந்தது இந்தக் கசிவுக்குப் பயந்துதான்.

வெப்பத்துக்கு நிறம் கிடையாதே, புள்ளிக்கு எப்படி நிறம் வந்தது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலிலேயே சாட்சியும் இருக்கிறது. சென்சார் தன்னளவில் நிறக்குருடு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ணச் சல்லடை இருக்கும்: பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, மீதிக் கால் பங்குக்கு நீலம். கசியும் பிக்சல் சிவப்புச் சல்லடைக்குக் கீழே இருந்தால், அங்கே சிவப்பு ஒளி வந்ததாகக் கேமரா நம்பிவிடும். நிறங்களைக் கூட்டிப் படமாக்கும்போது அந்த ஒற்றைப் பிக்சலைச் சுற்றியுள்ள இடமும் சிவந்து, ஒரு சிறு கூட்டல் குறிபோல விரியும். இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. பழுதுக்குச் சல்லடையின் நிறம் பார்த்து வர வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே, சென்சாரில் பிறந்த புள்ளிகளானால், பச்சைப் புள்ளிகள் சிவப்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கேமரா பதப்படுத்தாத மூலமான ரா கோப்பில் எண்ணிப் பார். ஜே.பெக். படத்தில் எண்ணினால் கணக்கு தவறும். ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் தூக்கிக் காட்டிவிடும். மழைத்துளிக்கும் விமானத்துக்கும் இந்த விகிதத்தில் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. ட்ரைபாடின் தலையைக் கொஞ்சம் திருப்பி அடுத்த படத்தை எடு. மேகமும் கட்டடங்களும் நகரும். புள்ளி படத்தின் அதே மூலையில், அதே பிக்சலில் நின்றால் அது கேமராவின் சொத்து. கடலில் நிற்கும் படகு விளக்கு காட்சியோடு சேர்ந்து நகரும். விமானம் புள்ளிக்கோடு போடும். தெருவிளக்கு ஃபில்டரில் பட்டுத் திரும்பிய பிம்பமானால், படத்தின் மையத்துக்கு அந்தப் பக்கம் தலைகீழாக அதன் மூல விளக்கு இருக்கும். சில படங்களில் மட்டும்தானே வருகிறது, பழுதானால் எல்லாவற்றிலும் வர வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. மேகம் முழுக்க வெளுத்த படத்தில் புள்ளி அந்த வெளிச்சத்தில் முழுகிப்போகும். தொடர்ந்து எடுக்க எடுக்கக் கேமரா சூடேறுவதால், முதல் படத்தில் இல்லாதது இருபதாம் படத்தில் முளைக்கும். சில பிக்சல்கள் கண்சிமிட்டும் இயல்புள்ளவை. ஒரு படத்தில் கசியும், அடுத்ததில் அடங்கும்.

சிவப்புப் புள்ளிகளைக் கண்டதும் 'ஸ்பிரைட்' என்று துள்ளுபவர்களும் இருக்கிறார்கள். இடிமேகத்துக்கு மேலே, 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சில மில்லிநொடிகள் தோன்றும் செந்நிற ஒளி அது. 1989 ஜூலையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் தற்செயலாக முதன்முதலில் பதிவு செய்தார்கள். ஆனால் 40 கிலோமீட்டர் உயரமுள்ள ஒன்றை 300 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், வானில் அது பதினைந்து முழுநிலாக்களை அடுக்கிய உயரத்துக்குத் தெரியும். ஒற்றைப் பிக்சலில் அடங்கக்கூடியது அல்ல. தவிர, மழைமேகத்துக்கு அடியில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

இனி செய்ய வேண்டியது. கேமராவிலேயே உள்ள நீள்நேர இரைச்சல் நீக்கம் நல்ல வசதிதான்: 30 நொடிப் படத்துக்குப் பின் ஷட்டரை மூடி இன்னொரு 30 நொடி இருட்டைப் படமெடுத்து, முதல் படத்திலிருந்து கழித்துக்கொள்ளும். ஆனால் புயல் உன் இருட்டுப் படத்துக்காகக் காத்திருக்காது. ஐப்பசி மழையில் வரும் மின்னல்களில் பாதி அந்த இருட்டில் போய்விடும். அதை அணைத்துவிடு. இடி ஓய்ந்ததும், கேமரா ஆறுவதற்கு முன்பே, லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐ.எஸ்.ஓ., அதே ஷட்டர் நேரத்தில் பத்துக் கறுப்புப் படங்கள் எடுத்து, பின்னால் கணினியில் கழித்துக்கொள். மறுநாள் காலையில் ஆறிய கேமராவில் எடுத்தால் கணக்கு பொருந்தாது. அதைவிட மேல், 30 நொடியை விட்டு ஐந்தைந்து நொடியாகத் தொடர்ந்து எடுப்பது. மின்னலில் நீ இழப்பது, ஷட்டர் மூடித் திறக்கும் சிறு இடைவெளி மட்டும்தான். ஒவ்வொரு படத்திலும் கசிவில் ஆறில் ஐந்து பங்கு குறைந்துவிடும். (ஒளிக்கும் ஒலிக்கும் இடையே பத்து நொடி என்றால் இடி மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு வெகுமுன்பே மாடியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஜன்னல் வழியாகவும் படம் எடுக்கலாம்.)

புள்ளியைத் துடைப்பதே பொய்தானே என்றொரு வாதம் உண்டு. நான் ஒப்பவில்லை. வானத்தில் இல்லாத ஒன்றை நீக்குவது பதிவைத் திருத்துவது. ஐந்து படங்களின் மின்னலை ஒன்றில் ஒட்டி, ஒரே கணம் என்று விற்பதுதான் பொய். பதிவின் நேர்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்காக இந்தப் புதுச்சேரியில் 1769 ஜூனில் காத்திருந்தார். முந்தைய கடப்பு நடந்த 1761-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் கப்பலிலேயே நின்று கோட்டைவிட்டவர். இந்த முறை மேகம் மறைத்தது. மேகம் மறைத்தது என்றே எழுதினார்.

கடைசியாக ஒரு மறுப்பு. இது எனக்கே உறைக்கும் மறுப்பு. விளங்காத புள்ளிகளையெல்லாம் கருவியின் தலையில் கட்டிவிட்டால், புதியது எப்படிக் கிடைக்கும்? 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று வானியலாளர்கள் இருவர், குண்டூரில் ழான்சனும் மசூலிப்பட்டினத்தில் போக்சனும், நிறமாலைக் கருவிகளோடு சூரியனைப் பார்த்தார்கள். விளங்காத ஒரு மஞ்சள் கோடு அன்று கவனத்துக்கு வந்தது. கருவியின் பழுது என்று தள்ளியிருக்கலாம். வேறுவேறு ஊர்களில், வேறுவேறு கருவிகளில், வேறுவேறு கண்களுக்குத் தெரிந்ததால் தள்ள முடியவில்லை. அதுதான் ஹீலியம், பூமியில் வேதியியலாளர் ராம்சே அதைக் கண்டெடுக்க 1895 ஆனது. ஆகவே, எல்லாச் சோதனைகளையும் தாண்டியும் ஒரு புள்ளி மிஞ்சினால், துடைக்காதே. ரா கோப்பைத் தேதி, நேரம், திசையோடு எடுத்து வை. அதே இரவில் ஊசுட்டேரிக் கரையிலிருந்து அதே மேகத்தைப் படமெடுத்தவர் எவராவது இருக்கிறாரா என்று விசாரி.