ஒதுக்கப்பட்ட அலையும் உலகம் சுற்றும் குரலும்



"கையிலே தொலைபேசி இருக்கிறது. லண்டனில் உள்ள மாமாவோடு முகம் பார்த்தே பேசுகிறோம். அப்படியிருக்க, ரேடியோப் பெட்டி வாங்கி, கம்பி கட்டி, பரீட்சையும் எழுதி, முன்பின் அறியாதவரோடு பேசுவானேன்?" என்று என் கடைக்கு வரும் வாலிபர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சொல்லும் முன்னர், அமெச்சூர் ரேடியோ என்பது யாது என்பதை முறையாக அறிந்துகொள்வோம்.

அமெச்சூர் ரேடியோ யாது?

சம்பளத்துக்கோ லாபத்துக்கோ அன்றி, விருப்பத்தின் பேரில் ரேடியோ வழியே செய்தி அனுப்பவும் பெறவும் அரசாங்க அனுமதி பெற்றவரே அமெச்சூர் ரேடியோக்காரர். சுருக்கமாக 'ஹாம்' என்பர். தொலைபேசியில் நாம் பேசும் பேச்சு பல கோபுரங்களையும், கடலடிக் கம்பிகளையும், கம்பெனிகளையும் கடந்து போகிறது. ஹாம் ஒருவர் குறுகிய அலையில் பேசும்போது இடையில் எவருமில்லை. இங்கே ஒரு கம்பி, அங்கே ஒரு கம்பி, நடுவே ஆகாயம். அவ்வளவே.

வேண்டாமென்று கொடுத்தது

வியாபாரத்தில் ஒன்று பார்த்திருப்பீர்கள். பெரிய மொத்த வியாபாரி விலைபோகாதென்று தள்ளிவிடும் சரக்கு, சிறிய கடைக்காரனுக்குச் சில சமயம் பொன்னாக மாறும். ரேடியோவிலும் அதுவே நடந்தது. 1912-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமுமுள்ள அலைகளையே உபயோகிக்க வேண்டுமென்று விதித்தது. நெடுந்தூரத்துக்கு நீண்ட அலையே தேவை, குறுகிய அலையால் பயனில்லை என்பது அக்காலத்து நிபுணர் எண்ணம்.

ஒதுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு அமெச்சூர்கள் சும்மா இருக்கவில்லை. அலையைக் குறுக்கிக் குறுக்கிச் சோதித்தார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலாய் என்பவரும் அமெரிக்க அமெச்சூர்களும், 110 மீட்டர் அளவிலான அலையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இப்பாலும் அப்பாலுமாகச் செய்தி பரிமாறினர். 1924 அக்டோபர் 18-ஆம் தேதி அதைவிடப் பெரிய அதிசயம் நிகழ்ந்தது. நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணையில் வாழ்ந்த பிராங்க் பெல் என்பவரும், லண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டர் என்பவரும், சுமார் 19,000 கிலோமீட்டர் இடைவெளியில் மோர்ஸ் ஒலியால் பேசிக்கொண்டனர். பூமியின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்குமான பேச்சு அது! பின்னரே பெரிய கம்பெனிகளும் அரசாங்கங்களும் குறுகிய அலையை நாடி வந்தன.

அலை எப்படி அவ்வளவு தூரம் போகிறது?

அலை நேர்க்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. பின் எப்படி வளைந்து போயிற்று? ஆகாயத்தில் சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரியக் கதிரால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவற்றுக்கு அயனி மண்டலம் என்று பெயர். அது உண்டென்பதைச் சோதனையால் நிரூபித்த எட்வர்ட் ஆப்பிள்டன் 1947-இல் நோபல் பரிசு பெற்றார். கேரம் பலகையில் காய் ஓரத்தில் மோதித் திரும்புவதுபோல, குறுகிய அலை மேலே சென்று கீழே திரும்புகிறது. பூமியில் பட்டு மீண்டும் மேலே எழுகிறது. இப்படித் தாவித் தாவியே கண்டம் கடக்கிறது.

இம்மண்டலம் சூரியனைச் சார்ந்ததாகையால் நேரத்துக்கு நேரம் மாறும். 15 மீட்டர், 20 மீட்டர் அலைகள் பகலில் நன்கு ஓடும். 40 மீட்டர் அலை மஃரிபுக்குப் பின்னரே நெடுந்தூரம் போகும். பகலில் அடியடுக்கு அதை விழுங்கிவிடும். சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதால், நல்ல காலமும் மந்த காலமும் உண்டு. சந்தை நிலவரம் பார்ப்பதுபோல் ஹாம்கள் சூரிய நிலவரம் பார்ப்பார்கள்.

ஒரு சிறு கணக்கு: 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 21 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பியே ஏரியலாகப் போதும். கடைவீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடியளவுதான். மின்சாரமும் 100 வாட் போதும். மோர்ஸ் ஒலியில் 5 வாட்டிலும் சமுத்திரம் கடப்போர் உண்டு.

பேசும் முறை

ஒவ்வொரு ஹாமுக்கும் அரசாங்கம் ஓர் அழைப்புக் குறி தரும். 9எம்2 என்று தொடங்கினால் தீபகற்ப மலேசியா, 9எம்6 சபா, 9எம்8 சரவாக், 9வி1 சிங்கப்பூர், வியு இந்தியா, 4எஸ்7 இலங்கை. 'சி-க்யூ' என்றால் 'யாராயினும் பதில் தருக' என்று பொருள். விடைபெறும்போது '73' என்பர்; அது நல்வாழ்த்து. பேசியதற்குச் சாட்சியாக இருவரும் கியூ-எஸ்-எல் அட்டை அனுப்பிக்கொள்வர். பேசிய நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பேட்டில் எழுதுவர். நம் நேரம் அதற்கு 8 மணி முந்தியது.

ஒழுங்கும் உண்டு. கூலி வாங்கக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. என்னைப் போன்றவன் அரிசி விலை விசாரிக்கவும் இதை உபயோகிக்க முடியாது! இரகசியக் குறியீடும் ஆபாசப் பேச்சும் கூடாது. பேசும் முன் கேட்க வேண்டும்; அடுத்தவர் பேசும் அலையில் குறுக்கிடலாகாது. நாவடக்கம் கற்பிக்கும் பொழுதுபோக்கு இது.

விடை

இனி அவ்வாலிபரின் கேள்விக்கு வருவோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் தோழர்களும் அந்தமான் தீவின் போர்ட் பிளேயருக்கு ரேடியோவோடு சென்றனர். அத்தீவுகளிலிருந்து நெடுங்காலம் ஹாம்கள் பேசாதிருந்தமையால், அவ்விடத்து அட்டை ஒன்றைப் பெற உலகெங்கும் ஹாம்கள் காத்திருந்தனர். வெறும் பொழுதுபோக்குப் பயணந்தான். 26-ஆம் தேதி காலை சுமத்ராவை அடுத்த கடலடியில் பூகம்பம் உண்டாயிற்று. அதன் பேரலை பினாங்கிலும் கெடாவிலும் உயிர் குடித்ததையும், நாகப்பட்டினக் கரையை அழித்ததையும் நாம் மறவோம். அந்தமான் நிக்கோபாரிலோ தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. அம்மையார் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, அதே பெட்டியைக் கொண்டு இந்தியப் பெருநிலத்து ஹாம்களை அழைத்தார். தோழர்கள் கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைத்தனர். தம்மவர் உயிரோடுள்ளாரா என்று தவித்த குடும்பங்களுக்கு அவ்வழியே சேதி போயிற்று.

கோபுரம் சாய்ந்தால் கைத்தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. ஹாமுக்கோ ஒரு கார் பாட்டரியும் ஒரு கம்பியும் போதும். ஆனால் அன்றைக்கு அது கைகொடுக்க வேண்டுமானால், அதற்கு முன் ஆயிரம் நாள் விளையாட்டாகப் பழகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் பழக முடியுமா?

ஆகவே இளைஞர்களே, முதலில் கேட்கப் பழகுங்கள். தொலைதூர ரேடியோக்களை இன்று இணையத்தின் வழியே செலவின்றிக் கேட்கலாம். பின்னர் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், சிங்கப்பூரில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஆகியவற்றின் விதிகளை அறிந்து, பரீட்சை எழுதி, அனுமதி பெறுங்கள். அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். முன்பின் அறியாதவரோடு பேசுவானேன் என்று கேட்டீர்கள். இடுக்கண் வரும் நாளில் நம் குரலைக் கேட்டு மறுமொழி தருபவர், அந்த முன்பின் அறியாதவராகவே இருக்கக்கூடும்.