'என் சிஸ்டத்துல ஓடுதே!'

மேலே உள்ள வசனத்தை லேப் தேர்வு நாளில் பேசாத டிப்ளமோ மாணவர் நம்மில் யாராவது உண்டா? ஹாஸ்டலில் ஜம்மென்று ஓடிய புரோகிராம், எக்ஸ்டர்னல் முன்னால் போனதும் படுத்துவிடும். குற்றம் பெரும்பாலும் புரோகிராமில் இருக்காது. அதைச் சுற்றியுள்ள பதிப்பு, லைப்ரரி, டேட்டாபேஸ் இவற்றில்தான் இருக்கும். திறந்த மூல மென்பொருள் திட்டங்களிலும் இதே கதைதான். அங்கே நான் கொடுத்த முதல் பங்களிப்பு புரோகிராமே அல்ல, ஒரு அமைப்புக் கோப்பு!

திட்டத்தின் பெயர் வேண்டாமே. பைத்தானில் ஜாங்கோ கொண்டு எழுதியது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தேவை. ஒரு பக்கத்தில் தேதி தப்பாக வந்தது. திருத்த வேண்டியது ஒரே வரி. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப முடியுமா? என்னிடம் இருப்பதோ 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். முதலில் பைத்தான் பதிப்பு ஒத்துவரவில்லை. அதைச் சரிபண்ணினால், போஸ்ட்கிரெஸ் இணைப்பு லைப்ரரி கம்பைல் ஆக மாட்டேன் என்றது. இரண்டு நாள் போயே போச்சு. ரீட்மீ கோப்பில் நிறுவும் முறை ஐந்து வரிதான் இருந்தது. மீதியெல்லாம் எழுதியவர் தலைக்குள்ளேயே!

அந்த மீதியை எழுதிவைக்கும் இடம்தான் 'டெவ் கன்டெய்னர்'. ரெப்போவில் புள்ளியில் தொடங்கும் 'டெவ்கன்டெய்னர்' ஃபோல்டர் ஒன்று, அதற்குள் அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பு. எந்த இமேஜிலிருந்து தொடங்குவது, கன்டெய்னர் உருவானதும் எந்தக் கட்டளையை ஓட்டுவது, எந்த போர்ட்டைத் திறப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். சாதாரண ஜேசனில் குறிப்பு எழுத முடியாது. இதில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதலாம். கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இதைப் படித்து, எங்கோ உள்ள சர்வரில் லினக்ஸ் கன்டெய்னரைத் தயார் செய்து, எடிட்டரை நம் பிரவுசரில் திறந்துவிடும். பெரிய இமேஜ் எல்லாம் அங்கேயே இறங்கும், நம் மொபைல் டேட்டா தப்பித்தது. டாக்கர் போட வசதியான கணிப்பொறி வைத்திருப்பவர்கள் இதே கோப்பைச் சொந்த சிஸ்டத்திலும் பயன்படுத்தலாம்.

இது ஏதோ சோம்பேறிகளின் ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். பைத்தான் மொழியின் சொந்த ரெப்போவிலேயே இந்த ஃபோல்டர் இருக்கிறது. 2024-ல் வந்த ரெயில்ஸ் 7.2, புதுத் திட்டம் தொடங்கும்போது கேட்டால் இதையும் சேர்த்தே எழுதித் தருகிறது.

சரி, என் கதைக்கு வருவோம். பைத்தான் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போட்டேன். அது தப்பு. நாளைக்குப் புதுப் பதிப்பு வந்தால் பழைய வியாதி திரும்ப வரும். பதிப்பு எண்ணையே எழுத வேண்டும். அடுத்து, லைப்ரரி நிறுவும் கட்டளையை 'போஸ்ட் ஸ்டார்ட்' பகுதியில் எழுதிவிட்டேன். அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓடியது. 'போஸ்ட் கிரியேட்' பகுதிக்கு மாற்றியதும் முதல் தடவையோடு நின்றது.

உண்மையான தலைவலி டேட்டாபேஸில். டாக்கர் கம்போஸ் மூலம் புரோகிராமுக்கு ஒரு கன்டெய்னர், போஸ்ட்கிரெஸுக்கு ஒன்று என இரண்டு வைத்தேன். இணைப்பு கிடைக்கவே இல்லை. ஒரு மாலை முழுக்க பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டேன், பாவம் அது! செட்டிங்ஸில் டேட்டாபேஸ் முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்' என்று நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'நானேதான்' என்று பொருள். புரோகிராம் தன் கன்டெய்னருக்குள்ளேயே டேட்டாபேஸைத் தேடிக்கொண்டிருந்தது. அது இருந்ததோ பக்கத்து வீட்டில்! கம்போஸில் பக்கத்து வீட்டின் முகவரி அந்த சர்வீஸின் பெயர்தான். நான் வைத்தது 'டிபி'. முகவரியைச் சூழல் மாறியிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். மாறி இல்லாவிட்டால் பழையபடி லோக்கல்ஹோஸ்ட். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் யாருக்கும் தொந்தரவு இருக்கக்கூடாது அல்லவா? நிஜ பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எதையும் இந்தக் கோப்புகளில் எழுதாதீர்கள். ரெப்போ ஊருக்கே பொது.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். பராமரிப்பாளர் கேட்ட முதல் கேள்வி, இதை இனி யார் பார்த்துக்கொள்வது? நியாயம்தான். எனக்குப் பிடித்த எடிட்டர் தீம், நாலைந்து எக்ஸ்டென்ஷன் என்று ஆசைக்குச் சேர்த்திருந்ததையெல்லாம் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு, தானியங்கிச் சோதனையும் இதே கன்டெய்னரில் ஓடும்படி செய்தேன். இனி கோப்பு கெட்டால் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றுக்கொண்டார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கோட்ஸ்பேசஸ் இலவசக் கணக்கில் மாதம் 120 கோர்-மணி. 2 கோர் இயந்திரம் என்றால் 60 மணி நேரம். மூடாமல் டீக்கடைக்குப் போனால் 30 நிமிடம் கழித்துத் தானாக நிற்கும், ஆனால் அந்த 30 நிமிடமும் நம் கணக்கில்தான். நெட் போனால் வேலையும் நிற்கும். அதற்கு மருந்து இல்லை.

தேதித் திருத்தம்? அதை லேப் கணிப்பொறியில், பிரவுசரிலேயே ஓட்டிப் பார்த்து, மதிய இடைவேளை முடிவதற்குள் அனுப்பிவிட்டேன்.