சர்வேயர் அறிக்கையும் சமரச விசாரணையும்

வழக்கு என்பது இருவர்க்கிடையே நிகழ்வது. அதனைத் தீர்த்து வைக்க மூன்றாமவர் ஒருவர் வேண்டப்படுகிறார். அவர் நியாயாதிபதியாகவேனும், இருதிறத்தாரையும் இணக்குவிக்கும் மத்தியஸ்தராகவேனும் இருப்பர். இவர்களையன்றி நான்காமவர் ஒருவரும் உண்டு. சம்பவம் நடந்த இடத்திற்கு நேரிற் சென்று, கண்டதை எழுதிக் கொணர்ந்து ஒப்புவிப்பவரே அவர். அவர் தீர்ப்புக் கூறுபவர் அல்லர். சமரசம் பேசுபவரும் அல்லர். எனினும் பல வழக்குகளின் முடிவு அவர் எழுதிய சில பக்கங்களையே சார்ந்து நிற்கின்றது. அப்பக்கங்களை ஒருதிறத்தார் ஏற்க மறுப்பாராயின், சமரசம் பேசுவோர் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

மஞ்சக்குப்பத்துக் கோர்ட்டுகளுக்குச் சென்று பழகியவர்க்கு இந்நான்காமவர் புதியவரல்லர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பொதுச் சுவர்த் தகராறு முதலியவற்றில், இடத்தைப் பார்வையிட்டு வருமாறு கோர்ட்டார் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தல் வழக்கம். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில், 26-ஆம் கட்டளையின் 9, 10 ஆகிய விதிகள் இதற்கு இடந்தருகின்றன. அவ்விதிகளின்படி, கமிஷனர் தரும் அறிக்கை வழக்கில் ஒரு சாட்சியமாகும், அவ்வளவே. அதன்மேல் ஐயம் எழுமாயின் கோர்ட்டாரேனும், கோர்ட்டாரின் அனுமதி பெற்றுக் கட்சிக்காரரேனும், கமிஷனரையே வரவழைத்து வெளிப்படையாகக் கேள்வி கேட்கலாம். அவர் செய்த வேலை திருப்தியளிக்கவில்லையெனின், மேற்கொண்டு விசாரிக்குமாறு கோர்ட்டார் உத்தரவிடலாம். சாட்சியென்று ஏற்றுக்கொள்வதும், ஏற்ற பின்னர்ச் சோதிப்பதும் ஒருங்கே அமைந்த இவ்வேற்பாடு மிகச் சிறந்ததென்றே சொல்லவேண்டும். கோர்ட்டிற்கு வெளியே நடைபெறும் சமரச விசாரணைகளில் இத்துணைத் தெளிவு காண்பது அரிது. இன்ஷூரன்ஸ் விவகாரங்களில் இது நன்கு விளங்கும்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, தானே என்னும் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்துப் பலாமரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்த காட்சியை நம் ஜில்லாவினர் எளிதில் மறவார். 2004-இல் ஆழிப்பேரலையும் 2015-இல் பெருவெள்ளமும் இக்கரையைத் தாக்கின. இத்தகைய காலங்களில், பாலிசி எடுத்துள்ள சிறு வணிகர் நஷ்டஈடு கோருகையில் அவர் வாசலுக்கு முதலில் வருபவர் ‘சர்வேயர்’ ஆவார். நிலம் அளக்கும் சர்வேயர் வேறு. இவர் நஷ்டத்தை அளப்பவர். 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம், 64-யூஎம் பிரிவின்படி, குறித்த தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் மதிப்பிட்டாக வேண்டும். லைசென்ஸ் அளிப்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். கூலி கொடுப்பதோ கம்பெனி. சட்டம் அவரை நடுநிலையாளர் என்கிறது. ஈரமூட்டைகளின் அருகே நிற்கும் வணிகர் அவரைக் கம்பெனியின் ஆள் என்கிறார். இந்த ஐயம் முற்றும் அடாதது என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் ஐயம் வேறு, பிழையைக் காட்டுதல் வேறு.

கம்பெனி சொன்ன தொகையில் திருப்தியில்லாதவர்க்குக் குறைதீர்ப்பாளர் என்னும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஆம்பட்ஸ்மன் என்று அவரைக் குறிப்பர். அப்பெயர் ஸ்வீடன் தேசத்தில் 1809-ஆம் ஆண்டின் அரசியலமைப்பினின்றும் பரவியது. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் பதவி 1998-ஆம் ஆண்டின் விதிகளால் தோன்றிற்று. இப்போது 2017-ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றிற்குப் பின்வந்த திருத்தங்களும் நடைமுறையில் உள்ளன. நம் ஜில்லாவினர்க்கு உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதலிற் கம்பெனிக்கு எழுதவேண்டும். மறுப்பு வந்தாலோ, ஒரு மாதத்திற்குள் பதிலே வாராவிடினோ, ஓராண்டிற்குள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் வேண்டுவதில்லை. இருதிறத்தாரும் எழுத்து மூலம் இசைந்தால் அவர் மத்தியஸ்தராகி, ஒரு மாதத்திற்குள் தமக்கு நியாயமெனத் தோன்றும் சிபார்சைச் செய்வார். இசைவு ஏற்படாவிடில் மூன்று மாதத்திற்குள் தீர்ப்பு வழங்குவார்.

இனி, சர்வேயர் அறிக்கை தகராறாகும் விதத்தை ஓர் உதாரணத்தால் காண்போம். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உரித்து விற்கும் வணிகர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகரக் கூரையிட்ட கிடங்கு. ஆறு லட்சம் ரூபாய்க்குப் பாலிசி. புயலிற் கூரை பறந்து, மூட்டைகள் நனைந்தன. நான்கு லட்சம் நஷ்டம் என்கிறார் வணிகர். சர்வேயர் வந்து மூட்டைகளை எண்ணுகிறார். நனைந்த சரக்கு நான்கு லட்சம் பெறும் என்பதை ஒப்புக்கொள்கிறார். நனைந்த கொட்டையை உலர்த்தி விற்றால் ஒரு லட்சம் கிடைக்குமென்று அதனைக் கழிக்கிறார். மிஞ்சியது மூன்று லட்சம். பின்னர், கிடங்கிலிருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு பத்து லட்சம் என்றும், பாலிசி ஆறு லட்சத்திற்கே எடுக்கப்பட்டிருத்தலின் பத்தில் ஆறு பங்கே கிடைக்கும் என்றும் கூறி, 1,80,000 ரூபாய் என்று முடிக்கிறார். சரக்கின் முழு மதிப்புக்குக் குறைவாகப் பாலிசி எடுத்தவர் நஷ்டத்திலும் அந்த விகிதப்படி பங்கேற்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் உலகின் பழைய நியதி.

‘அறிக்கை முழுவதும் பொய்’ என்று வணிகர் சினந்து எழுதுகிறார். ‘அறிக்கையே எங்கள் விடை’ என்று கம்பெனி எழுதுகிறது. இந்நிலையில் இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, ‘ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், 2,40,000 என்று வைத்துக்கொள்வோம்’ என்று கூறும் மத்தியஸ்தரை நாம் எங்கும் காணலாம். அஃது எளிய வழியே. ஆயினும் அங்கே அறிக்கை ஆராயப்படவேயில்லை. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல் ஒரு தொகை பேசப்பட்டது, அவ்வளவே.

அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? மூட்டை எண்ணிக்கையில் தகராறு இல்லை. புயலாற் கூரை பறந்ததிலும் தகராறு இல்லை. இவை சர்வேயர் கண்ணாற் கண்டவை. நனைந்த கொட்டை என்ன விலைக்குப் போகும் என்பது அவர் அனுமானம்; அதனை இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டுச் சரிபார்க்கலாம். பத்து லட்சம் என்ற மதிப்போ வேறு வகையானது. அங்கிருந்த மூட்டைகள் அனைத்தையும் எண்ணி விலை போட்டார் சர்வேயர், எண்ணிக்கை சரியே. ஆனால் அவற்றுள் மூன்றரை லட்சம் பெறுமானமுள்ள சரக்கு, கூலிக்கு உரித்துத் தருமாறு வேறொரு வியாபாரி இறக்கிவிட்டுப் போனது என்றும், அது நனையவில்லை என்றும், பாலிசியில் அது சேரவில்லை என்றும் வணிகர் காட்டக்கூடுமாயின், அவருடைய சொந்தச் சரக்கு ஆறரை லட்சமே ஆகும். சிறு தொழில்களுக்கென 1-4-2021 முதல் நடைமுறைக்கு வந்த பாலிசியில், மதிப்புக் குறைவு 15 விழுக்காட்டிற்கு மேற்படாவிடின் அது கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஆகவே முழுமையாக மூன்று லட்சமும் கிடைக்க வேண்டியதாகின்றது. 1,20,000 ரூபாய் வித்தியாசம் சரக்கை இறக்கியவர் எழுதிக்கொடுத்த ஒரு துண்டுச் சீட்டில் அடங்கியிருக்கிறது! சர்வேயர் பொய்யரும் அல்லர், வணிகர் பேராசைக்காரரும் அல்லர். அச்சீட்டை அவர் கேட்கவில்லை, இவர் காட்டவில்லை.

ஆதலின் தகராறான அறிக்கையைக் கையாளும் மத்தியஸ்தர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ‘அறிக்கையை ஏற்கிறீரா?’ என்பதன்று; ‘எந்த வரியை ஏற்கவில்லை?’ என்பதேயாம். அறிக்கையின் நகல் வணிகர் கைக்கு வந்து, அதனைப் படித்து மறுமொழி எழுத அவகாசமும் இருந்தாலன்றி இக்கேள்விக்கு விடை பிறவாது. தொகையை மட்டும் ஒரு கடிதத்தில் அறிவித்துவிட்டு அறிக்கையை மறைத்து வைக்கும் கம்பெனி, சமரசத்தின் வாயிலைத் தானே அடைத்துவிடுகிறது. பாலிசியின் ஷரத்துக்குச் சர்வேயர் கூறும் பொருளும் இறுதியானதன்று. ‘இந்நஷ்டம் பாலிசியில் அடங்காது’ என்று அவர் எழுதியிருந்தால், அவ்வரி ஓர் அபிப்பிராயமேயன்றிக் கண்ட சாட்சியாகாது.

‘இவர் வேண்டாம், வேறொரு சர்வேயரை அனுப்புவோம்’ என்னும் யோசனை அடிக்கடி எழுவது. கம்பெனிக்குப் பிடிக்காத தொகையை முதற் சர்வேயர் சொல்லிவிட்டால், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசை நீளுவதும் உண்டு. 2009-ஆம் ஆண்டில் ஸ்ரீ வெங்கடேசுவரா சிண்டிகேட் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதனைக் கண்டித்தது. தனக்கு உகந்த அறிக்கை கிடைக்கும்வரை கம்பெனி ஆள் மாற்றிக்கொண்டே போகலாகாது. முதல் அறிக்கையை ஏன் ஏற்கவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் வேறொரு வழக்கில், சர்வேயர் அறிக்கை கம்பெனியையாயினும் பாலிசிதாரரையாயினும் கட்டுப்படுத்தும் இறுதி வார்த்தை அன்று எனவும் அக்கோர்ட்டு கூறிற்று. 64-யூஎம் பிரிவிலேயே, சர்வேயர் மதிப்பிட்ட தொகைக்கு வேறான தொகையைக் கொடுத்துத் தீர்க்கக் கம்பெனிக்கு உரிமையுண்டு என்று எழுதியிருக்கிறது. ‘சர்வேயர் சொல்லிவிட்டார், எங்கள் கையில் ஒன்றுமில்லை’ என்று கம்பெனி அலுவலர் கைவிரிப்பது சட்டத்தை அறியாமையால் அல்லது அறிந்தும் மறைப்பதால் நிகழ்வதேயாம்.

குறைதீர்ப்பாளர் முறையில் ஓர் இடர் உண்டு. சமரசம் பேசுபவரும், அது முறிந்தபின் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. ‘இரண்டரை லட்சம் கிடைத்தாற் போதும்’ என்று சமரசப் பேச்சில் வணிகர் சொன்னதை, தீர்ப்பெழுதும்போது அதே செவி மறந்திருக்குமா? உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்திற்கென 1999-இல் ஏற்பட்ட குறைதீர்ப்பு அலுவலகத்தில் சமரசப் பிரிவும் தணிக்கைப் பிரிவும் தனித்தனியே இயங்குகின்றன. ஆனால் அங்கும் வேறோர் இடர் முளைத்தது. குஜராத்தின் முந்த்ராக் கரையில், கழகத்தின் கடனுதவியுடன் எழுந்த அனல்மின் நிலையத்தால் தங்கள் பிழைப்புக் கெடுகிறதென்று மீனவர் 2011-இல் முறையிட்டனர். விவகாரம் தணிக்கைப் பிரிவுக்குச் சென்றது. 2013-இல் வந்த தணிக்கை அறிக்கை, மீனவரைக் கலந்து பேசியதிலும் கடலுக்கு நேரும் கேட்டை ஆராய்ந்ததிலும் குறைகள் உள எனக் கண்டது. கழகத்தின் நிர்வாகமோ அம்முடிவுகளிற் பலவற்றை மறுத்தது. அறிக்கைக்கும் மறுப்புக்கும் இடையே நின்று, எது சரியென உரைத்து இருவரையும் கட்டுப்படுத்த வல்லார் ஒருவரும் அவ்வேற்பாட்டில் இல்லை. மீனவர் அமெரிக்க நாட்டுக் கோர்ட்டுகளை நாடினர். 2019 பிப்ரவரியில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, கழகத்திற்கு வழக்கினின்றும் முழு விலக்கு இல்லையெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் கீழ்க் கோர்ட்டுகளில் அவ்வழக்குப் பின்னர்த் தள்ளுபடியாயிற்று. அறிக்கை மட்டும் அசையாமல் இருக்கிறது.

இவ்விரண்டு இடர்களுள் நம் குறைதீர்ப்பாளர் முறையில் உள்ளதே சிறியதென்பது என் கருத்து. இங்கே தகராறான அறிக்கையைப் பார்த்துக் ‘கொடு’ என்று சொல்ல அதிகாரமுள்ளவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆவணங்களை வரவழைக்கலாம். துறையறிந்தோர் அபிப்பிராயத்தையும் பெறலாம். இருதிறத்தாரையும் கேட்டே முடிவு செய்யவேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது. அவர் வழங்கக்கூடிய தொகையின் எல்லை முன்னர் 30 லட்சம் ரூபாயாக இருந்து, 2023-இல் 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. சமரசத்தில் பேசிய தொகைகளைக் குறிப்பேட்டில் எழுதாமல், அறிக்கையின் எவ்வரி ஒப்புக்கொள்ளப்பட்டது, எவ்வரி மறுக்கப்பட்டது என்பதை மட்டும் எழுதி இருவர் கையொப்பமும் வாங்கிக்கொண்டால், முன் கூறிய இடரும் பெரிதும் குறையும்.

தீர்ப்பிலும் திருப்தியுறாத வணிகர் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக்குக் காரணம் தோன்றிய நாள் முதல் இரண்டாண்டு அதற்குரிய காலவரை. அங்கும் சர்வேயர் அறிக்கையே முதற்கண் எடுத்து வாசிக்கப்படும். சரக்கை இறக்கியவர் தந்த சீட்டும் வணிகரின் இருப்புப் புத்தகமும் அதனோடு சேர்த்துத் தாக்கல் செய்யப்பட வேண்டும்.